2049-இல் ஞாபகம் இருக்கப் போகும் மூன்று படங்கள்

மேனாம்பேடு, அம்பத்தூர்
22 டிசம்பர் 2024

அன்புள்ள சபீ,

நலமா என்று கேட்டு எழுதுவது முறை. ஆனால் உன் முட்டிவலி, உன் மருமகளின் யூடியூப் சமையல், மாடியில் குடியிருக்கும் ஸ்ரீகாந்தின் ஈரத்துணி நீ காயவைத்த மிளகாய் மேல் சொட்டியது எல்லாம் இன்று காலை போனிலேயே முடிந்துவிட்டது. பாக்கி சினிமா மட்டும்தான். அதற்குத்தான் கடிதம்.

முப்பது வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஊரார் பேச்சை இணைத்துக் கொடுத்த இரண்டு பேர், தங்களுக்குள் ஒரு விஷயத்தைப் போனில் பேச முடியாமல் ஸ்டாம்ப் ஒட்டுகிறார்கள் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். 2011-இல் ஒரு படத்தின் கிளைமாக்ஸைப் பற்றிப் போனில் ஆரம்பித்து, எட்டு மாசம் நாம் முகம் பார்க்காமல் இருந்தோம் என்றால் உடனே நம்புவார்கள். கடிதத்தில் சண்டை வராது என்றில்லை. அம்பத்தூரிலிருந்து பூந்தமல்லிக்கு வர அதற்கு மூன்று நாள் ஆகிறது. அதற்குள் எழுதியவளுக்குக் கோபம் ஆறிவிடும். படிக்கிறவளுக்கு அப்போதுதான் ஆரம்பிக்கும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்துவதில்லை என்ற அளவில் லாபம்.

வேலையில் சேர்ந்த புதிதில், 1989-இல் ஆரம்பித்த வழக்கப்படி, இந்த வருஷம் வந்த படங்களில் இருபத்தைந்து வருஷம் கழித்தும் ஜனங்களுக்கு ஞாபகம் இருக்கப்போகும் மூன்றை நீ எழுது. என்னுடையது கீழே. வழக்கம்போல் அடித்துக்கொண்டு, மார்ச் மாசத்துக்குள் பொதுவாக மூன்றை நோட்டில் ஏற்றுவோம். விதியும் பழைய விதிதான். இரண்டு பேரும் தியேட்டரில், டிக்கெட் எடுத்து, கடைசிப் பெயர் ஓடி விளக்கு போடும்வரை உட்கார்ந்து பார்த்த படமாக இருக்க வேண்டும்.

என் மூன்று: 'கரும்பலகைக்குப் பின்னால்'. வாத்தியார் படம்தான். ஆனால் வாத்தியார் யாரையும் திருத்தவில்லை, அதுவே பெரிய சாதனை. அடுத்து 'நாற்பது அடி ரோடு'. மூன்றாவது 'வெள்ளந்தி வேலாயுதம்'. சிரிக்காதே. இருபத்தைந்து வருஷம் முடிந்த 1999-ஆம் வருஷப் பட்டியலை இந்தத் தடவை நீதான் சரிபார்க்கிறாய். பார்த்தால் புரியும்.

'ருத்ரகோபுரம் – பாகம் ஒன்று' என் பட்டியலில் இல்லை. எழுநூறு கோடி என்கிறார்கள். செபாஸ்டியன் இடைவேளைக்கு முன்பே தூங்கிவிட்டார். அந்தச் சத்தத்தில் தூங்கத் தெரிந்த மனுஷனோடு முப்பத்தைந்து வருஷம் குடித்தனம் செய்ததற்குத் திருச்சபை எனக்கு ஏதாவது பட்டம் தரலாம். வெளியே வந்ததும், "மொத்தம் எத்தனை பேர் செத்தாங்க?" என்று கேட்டார். நான் எண்ணவில்லை. டைரக்டரும் எண்ணியிருக்கமாட்டார்.

கடைசியாக, நம்ம ஸ்வீட்லின் படம். என் மகள் எடுத்ததற்கு நான் ஓட்டுப் போட முடியாது. 'ஏரிக்கரை மூன்றாவது தெரு' நவம்பர் பதினைந்தாம் தேதி வந்து, நல்ல கூட்டத்தோடுதான் போயிற்று. நீயும் பார்த்துவிட்டேன் என்று போனில் சொன்னாய். மேலே கேட்க வாயெடுத்ததும், "போன்ல சினிமா கூடாதுடி" என்று வெட்டினாய். சரி, விதி விதிதான்.

ஒரு விஷயம் மட்டும் தெரிந்துகொண்டு எழுது. கம்பெனியில் அவளுக்குக் கொடுத்த ஒரு வருஷ லீவு மார்ச் இரண்டாம் தேதியோடு முடிகிறது. மறுநாள் போய் உட்காரவில்லை என்றால் அந்த நாற்காலி வேறு யாருக்கோ. இன்னொரு படம் எடுப்பதா, இத்தோடு போதும் என்று கம்ப்யூட்டருக்கே திரும்புவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. நான் படம் நன்றாக இருக்கிறது என்றால், "நான் அஞ்சாவதுல வரைஞ்ச யானையையும் நீ இப்படித்தாம்மா சொன்ன" என்கிறாள். அப்பாவிடம் கேட்கவே இல்லை. "சபீனா ஆன்ட்டி சொல்லட்டும். நிக்குமா நிக்காதான்னு அவங்களுக்குத் தெரியும். பொய் சொல்லத் தெரியாது" என்கிறாள். பதினொரு மணிக்குத் தபால்காரர் சைக்கிள் திரும்பும்போது காரணமில்லாமல் வாசலில் செடிக்குத் தண்ணீர் விடுகிறாள். செடி அழுகப் போகிறது. சீக்கிரம் எழுது. உண்மையை எழுது.

அன்புடன்,
ஞானம்


பூந்தமல்லி
2 ஜனவரி 2025

அன்பு ஞானத்துக்கு,

சபீனா எழுதுவது. கிறிஸ்துமஸ் கேக் கிடைத்தது. கூட வந்த கல்கல் பலகாரம் நீ சுட்டதில்லை என்று மருமகள் சொல்கிறாள். நான் உன்னை விட்டுக்கொடுக்கவில்லை, ஆனால் நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

1999-ஐச் சரிபார்த்தேன். நாம் எழுதிய மூன்றையும் தெருவில் ஒன்பது பேரிடம் கேட்டேன். 'சோழநாட்டுப் புரவி' யாருக்கும் தெரியவில்லை. ஒருவர் அது குதிரைப்பந்தயச் சீட்டு என்று நினைத்தார். 'மௌனமான ஞாயிறு' அவார்டு வாங்கியது என்பது ஒருவருக்கு ஞாபகம் இருந்தது, படம் ஞாபகம் இல்லை. 'இரட்டைத் தாழ்ப்பாள்' எனக்கே கதை மறந்துவிட்டது. உனக்கு ஞாபகம் இருந்தால் எழுது, யார் தாழ்ப்பாள் போட்டது?

அந்த வருஷத்துப் படத்தில் இன்று உயிரோடிருப்பது, நீயும் நானும் முடியும்வரை உட்கார்ந்து திட்டிய 'டபுள் ட்யூட்டி தங்கவேலு'. அதில் காமெடியன் தோசைமாவு டிரம்மில் விழுந்துவிட்டு மாவு வழிய எழுந்து கும்பிடுவானே, அது இன்று வாட்ஸ்அப் ஸ்டிக்கர். சம்பளம் வராத தேதியில் என் மகன் ஆபீஸில் எல்லோரும் அதை அனுப்பிக்கொள்கிறார்களாம். படத்தை ஒருத்தரும் பார்த்ததில்லை. மாவு மட்டும் நின்றுவிட்டது. வேலாயுதத்தை நீ ஏன் எழுதினாய் என்று இப்போது புரிகிறது. ஆனாலும் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். ஜனங்கள் எதை ஞாபகம் வைப்பார்கள் என்பது வேறு, எதை வைக்க வேண்டும் என்பது வேறு. இரண்டையும் ஒன்றாக்கினால் நமக்கு நோட்டு எதற்கு?

ஸ்ரீகாந்த் படங்களைப் போனில் ஒன்றரை மடங்கு வேகத்தில் பார்க்கிறான். "ஸ்டோரி தெரிஞ்சாப் போதுமே ஆன்ட்டி" என்கிறான். திருநெல்வேலியிலிருந்து பஸ்ஸிலும் அவன் இப்படித்தான் வந்திருப்பான் போல, வழியில் எந்த ஊரும் தெரியாமல். இவர்களை நம்பித்தான் நாம் இருபத்தைந்து வருஷம் என்கிறோம்.

சரி, என் மூன்று. முதலிடம் 'ஏரிக்கரை மூன்றாவது தெரு'. இரண்டு 'கரும்பலகை', மூன்று 'நாற்பது அடி'.

ஸ்வீட்லினிடம் சொல்: ஒரு தெரு, ஒரு தண்ணீர் லாரி, லாரி வராத பதினொரு நாள். இதை வைத்து இரண்டு மணி நேரம் ஆளை உட்காரவைப்பது சாதாரணமா? அதிலும் மரகதம் சமையற்கட்டில் காய்ந்த குழாயின் வாயில் காதை வைத்துத் தண்ணீர் வருகிறதா என்று கேட்கிறாளே, அந்த ஒரு இடம் போதும். தியேட்டரில் ஒரு சத்தம் இல்லை. எனக்குப் பக்கத்தில் இருந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். நாமெல்லாம் காதால் பிழைத்தவர்கள், அதனால் எனக்கு இன்னும் கொஞ்சம் அதிகமாகவே இறங்கியது. 2049-இல் இந்தப் படத்தைக் கேட்டால் ஜனங்கள் அந்தக் காதைத்தான் சொல்வார்கள்.

அவள் கம்பெனிக்குப் போக வேண்டாம். அடுத்த படத்தை எடுக்கட்டும். நான் சொன்னேன் என்று சொல்.

உன்,
சபீனா


மேனாம்பேடு
9 ஜனவரி 2025

அன்புள்ள சபீனா,

உன் கடிதம் வந்தது. நல்லவேளை, தபால்காரர் வந்தபோது ஸ்வீட்லின் குளித்துக்கொண்டிருந்தாள். உன்னிடமிருந்து இன்னும் எதுவும் வரவில்லை என்று சொல்லியிருக்கிறேன். முப்பத்தைந்து வருஷப் பழக்கத்தில் உன் கடிதம் ஒன்றை அரிசி டிரம்மில் ஒளித்து வைப்பது இதுதான் முதல் தடவை.

குழாயில் காதை வைக்கும் இடம் படத்தில் இல்லை.

டிரெய்லரில் இருக்கிறது. நாலு நொடி. அதை எங்கள் தெருவில் எல்லாக் குடும்பமும் போனில் பார்த்தது. எடிட்டிங்கில் ஸ்வீட்லின் அதை வெட்டிவிட்டாள். "ஓவரா இருக்கும்மா" என்றாள். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டையாகியிருக்கும், ஏனென்றால் அது என் சமையற்கட்டு. அந்தக் குழாய் என் குழாய். மரகதமாக நடித்த பெண் ஆறு மணிக்குக் காரேறிப் போய்விட்டதால், நீ தியேட்டரில் பார்த்து உருகிய அந்தக் காதும் என்னுடையது. ஒரு மணி நேரம் கழுத்தைச் சாய்த்துக்கொண்டு நின்றேன். படத்தில் வரவில்லை என்று நான் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. அதற்கு ஒருத்தி பக்கத்துச் சீட்டில் அழுதாள் என்று தெரிந்ததில் சந்தோஷம்.

நீ படம் பார்க்கவில்லை. பார்த்துவிட்டேன் என்று போனிலும் சொன்னாய், காகிதத்திலும் எழுதினாய். பார்க்காத படத்தை முதலிடத்தில் வைத்தாய். செபாஸ்டியன் தூங்குகிறார். ஆனால் தூங்கினேன் என்று சொல்கிறார்.

அவளுக்கு நான் என்ன சொல்லட்டும்? உலகத்தில் ஒருத்தி பொய் சொல்லமாட்டாள் என்று அவள் சொன்ன அந்த ஒருத்தியைப் பற்றி?

ஞானகுமாரி


பூந்தமல்லி
18 ஜனவரி 2025

ஞானம்,

உன் கடிதம் பொங்கலுக்கு முதல் நாள் வந்தது. நாலு நாள் பதில் எழுதவில்லை. எழுத என்ன இருக்கிறது, மாட்டிக்கொண்டேன். இத்தனை வருஷம் ஊர் முழுக்க யார் யாரிடம் என்ன புளுகினார்கள் என்று லைனில் கேட்டுக் கேட்டுச் சிரித்தவள், ஒரு புளுகை ஒழுங்காகச் சொல்லத் தெரியாமல் போனேன்.

நடந்ததைச் சொல்கிறேன்.

படம் வந்த வெள்ளிக்கிழமையே, ஜும்மா முடிந்து வீட்டில் எல்லோருக்கும் சோறு போட்டுவிட்டு, இரண்டரை மணிக் காட்சிக்குப் போனேன். கவுண்ட்டரில் ஒருத்தன் போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு டிக்கெட் என்றேன். என்னை மேலிருந்து கீழே பார்த்தான்.

"நீ ஒர்த்தி தான் கீறம்மா. அஞ்சு பேராச்சும் வந்தாத்தான் ஓட்டுவோம்."

"நான் காத்திருக்கேன் தம்பி."

"காத்துக்கினு இரு. ஆனா வரமாட்டானுங்கோ. காலைலயும் ஓட்டல."

மூன்றே கால்வரை படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். மெட்ரோ தூணுக்கடியில் பஸ்ஸுக்கு நிற்கிற ஜனத்தைப் பார்த்தேன். இதில் நாலு பேரைக் கையைப் பிடித்து இழுத்துவந்தால் படம் ஓடும் என்று தோன்றியது. வெட்கமாக இருந்தது, எழுந்து வந்துவிட்டேன். அடுத்த நாள் ஆவடிக்குப் போனேன். அங்கே போஸ்டரே இல்லை. ஸ்வீட்லின் படம் இருந்த நேரத்தில் 'ருத்ரகோபுரம்' கூடுதல் காட்சி. வாசலில் பால்குடத்தோடு நின்றிருந்த ஒரு பையனிடம், இங்கே வேறு படம் இருந்ததே என்று கேட்டேன். "அப்படியாக்கா?" என்றான். மரியாதையாகத்தான் சொன்னான்.

அன்று சாயங்காலம் நீ போன் பண்ணினாய். "கூட்டம் நல்லா இருக்குடி, ஞாயித்துக்கிழமை டிக்கெட்டே இல்ல" என்றாய். உன் குரல் அப்படி இருந்தது. நான் என்ன சொல்வது? உன் பெண் படத்துக்கு நான் ஒருத்திதான் வந்தேன் என்றா? பார்த்துவிட்டேன் என்று வாயில் வந்துவிட்டது. ஒரு தடவை சொன்னபிறகு அது வளர்ந்தது. டிரெய்லரைப் பத்துத் தடவை பார்த்து எழுதினேன். அழுத அம்மாவை நானே சேர்த்தேன். அது கொஞ்சம் அதிகம்தான்.

நோட்டில் என் பெயருக்கு நேராக இந்த வருஷம் எதுவும் எழுதாதே. ஸ்வீட்லினிடம் உண்மையைச் சொல்லிவிடு. இல்லாவிட்டால் நான் வந்து சொல்கிறேன்.

சபீனா

பி.கு.: உன் காது நன்றாக இருந்தது. அது பொய்யில்லை.


மேனாம்பேடு
29 ஜனவரி 2025

அன்புள்ள சபீ,

இந்தக் கடிதத்தை மூன்று தடவை ஆரம்பித்துக் கிழித்தேன். கோபமாக எழுத முயன்றேன், வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை டிக்கெட்டே இல்லை என்று நான் சொன்னது பொய். டிக்கெட் கட்டுக்கட்டாக இருந்தது. எனக்கும் அதே கதைதான், சபீ. இங்கேயும் அஞ்சு பேர் இல்லாமல் ஓட்டமாட்டோம் என்றார்கள். அதனால் நானே அஞ்சு டிக்கெட் எடுத்தேன். நானும் செபாஸ்டியனும் இரண்டு சீட்டில் உட்கார்ந்தோம், பையை ஒரு சீட்டில் வைத்தேன், மீதி இரண்டில் யாராவது வந்தால் உட்காரட்டும் என்று விட்டேன். ஆறு நாள், ஆறு காட்சி. நாலாவது நாளில் செபாஸ்டியன் வசனத்தைத் தூக்கத்திலேயே சொல்ல ஆரம்பித்தார். தெருவாரியாகக் கூடி ஜெபிக்கும் கோயில் அன்பியக் கூட்டத்தில் எல்லோரையும் போகச் சொன்னேன். எல்லோரும் ஜெபித்துக்கொள்கிறோம் என்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்வீட்லின் எங்களுக்குத் தெரியாமல் தியேட்டர் வாசலில் வந்து நின்றிருக்கிறாள். ஜனங்கள் முகத்தை எப்படி வைத்துக்கொண்டு வெளியே வருகிறார்கள் என்று பார்க்க. கதவு திறந்து நாங்கள் இரண்டு பேர் வந்தோம்.

"மத்தவங்க எங்கம்மா?"

"அந்தப் பக்கக் கதவு வழியா போயிட்டாங்க."

அந்தத் தியேட்டருக்கு அந்தப் பக்கம் கதவே கிடையாது. அவள் ஸ்கூட்டரை எடுத்து அப்பாவை ஏற்றிக்கொண்டு போனாள். நான் ஆட்டோவில் வந்தேன். அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும். இரண்டு பேரும் கூட்டத்தைப் பற்றி மட்டும் பேசுவதில்லை.

அதனால் உன்னைக் கோபித்துக்கொள்ள எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் அவளுக்குப் பதில் வேண்டும். படத்தைப் பார்க்க ஆளில்லை என்பது அவளுக்குத் தெரிந்த விஷயம். படம் எப்படி என்பதுதான் தெரியாது. அதை யாருமே அவளுக்குச் சொல்லவில்லை. பார்க்காதவர்கள் சொல்ல முடியாது, பார்த்தவர்கள் அப்பா அம்மா.

திருநின்றவூரில் ஒரு சின்ன தியேட்டர். பொங்கல் படம் மூன்றாவது நாளே படுத்துவிட்டதாம். காலைக் காட்சிக்கு ஏதாவது போட வேண்டுமே என்று, மலிவாகக் கிடைக்கிறது என்பதால் ஸ்வீட்லின் படத்தை வாங்கியிருக்கிறார்கள். பிப்ரவரி ஏழிலிருந்து ஒரு வாரம். நான் வரமாட்டேன், அஞ்சு டிக்கெட்டும் எடுக்கமாட்டேன். நீ போ. ஆவடிவரை பஸ், அங்கிருந்து லோக்கல் ரயில். முட்டியைப் பார்த்துக்கொள்.

பார்த்துவிட்டு எனக்கு எழுது. நான் பிரிக்காமல் அவள் கையில் கொடுக்கிறேன். அதில் என்ன இருந்தாலும் சரி.

ஞானம்


பூந்தமல்லி
10 பிப்ரவரி 2025

அன்பு ஞானத்துக்கும், இதை முதலில் படிக்கப்போகும் ஸ்வீட்லினுக்கும்,

சனிக்கிழமை பார்த்தேன். தியேட்டரில், டிக்கெட் எடுத்து, விளக்கு போடும்வரை.

மானேஜர் லட்சுமணன் என்று ஒருவர். அங்கேயும் அஞ்சு பேர் கணக்குதான். நானும், ஒருத்தரையொருத்தர் பார்க்க வந்த ஒரு ஜோடியும், வாசலில் டீக்கடை வைத்திருப்பவரும் நாலு. லட்சுமணன் யோசித்துவிட்டு, துடைப்பத்தோடு நின்றிருந்த முனியம்மாவைக் கூப்பிட்டு, "உள்ள போய் குந்து. நீ அஞ்சாவது" என்றார். இந்தத் தடவை நான் வெட்கப்படவில்லை.

ஸ்வீட்லின், உனக்கு நேராகச் சொல்கிறேன். பட்டியலில் உன் படம் இல்லை.

முதல் முக்கால் மணி நேரம் நான் முட்டியை மறந்துவிட்டேன். தண்ணீர் இல்லாத வீட்டில் ஜனங்கள் எப்படி மெதுவாகப் பேசுவார்கள், பாத்திரம் கழுவாமல் எப்படி அடுக்குவார்கள், அடுத்த வீட்டுக் குடத்தை எப்படி ஓரக்கண்ணால் அளப்பார்கள் என்பதெல்லாம் உனக்குத் தெரிந்திருக்கிறது. அதன்பிறகு படம் பயந்துவிட்டது. மரகதம் திடீரென்று தெருநடுவில் நின்று தண்ணீரைப் பற்றி ஏழு நிமிஷம் பேசுகிறாள். அதுவரை ஒரு குடத்துக்காகப் பொய் சொன்ன பெண், அப்புறம் மேடையில் ஏறின மாதிரி ஆகிவிட்டாள். அவள் பேசியது நியாயம்தான். நியாயமாக இருந்ததால்தான் அலுத்தது. முடிவில் லாரி வருகிறது, வயலின் வருகிறது, எல்லோரும் மெதுவாகத் திரும்பிப் பார்க்கிறார்கள்.

விளக்கு போட்டதும் முனியம்மாவிடம் எப்படியிருந்தது என்று கேட்டேன்.

"நல்லாத்தான் இருந்துச்சி. ஆனா லாரி வந்தா எவம்மா நின்னுகினு பாட்டு கேப்பா? கொடத்த தூக்கிகினு ஓடுவா. நானா இருந்தா பக்கத்து ஊட்டுக்காரிய இடிச்சித் தள்ளிட்டு ஓடுவேன்."

இதைவிட நன்றாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்தக் கடைசி அரைமணி நேரம் உன்னுடையதில்லை. யாரோ உன் தோளுக்குப் பின்னால் நின்று, இப்படி முடித்தால்தான் ஓடும் என்று சொன்ன மாதிரி இருந்தது. அப்படி முடித்தும் ஓடவில்லை.

ஞானம், உன் காதை வெட்டியது சரிதான். படத்தைப் பார்த்தபிறகுதான் தெரிந்தது. மரகதம் அந்த இடத்தில் குழாயைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, கடந்து போகிறாள். பதினொரு நாள் பழகினவள் அப்படித்தான் போவாள். காது அழகாக இருந்தது, அதுதான் கோளாறு. ஸ்வீட்லினுக்கு அது தெரிந்திருக்கிறது. வெட்டவும் கை வந்திருக்கிறது. அந்தக் கை கடைசி அரைமணி நேரத்தில் எங்கே போயிற்று என்பதுதான் என் கேள்வி.

கம்பெனிக்குப் போவதா வேண்டாமா என்று நான் சொல்லமாட்டேன். ஜனவரியில் பெரிய மனுஷி மாதிரிச் சொன்னேன், படமே பார்க்காமல். 2049-இல் எனக்கு எண்பத்து மூன்று வயது. இந்தப் படம் அப்போது யாருக்கும் ஞாபகம் இருக்காது, ஸ்வீட்லின். இது நான் உண்மையாக நினைப்பது.

உங்கள்,
சபீனா


மேனாம்பேடு
6 மார்ச் 2025

சபீனாவுக்கு,

உனக்கு நோன்பு தொடங்கி ஐந்தாவது நாள். எங்களுக்கு நேற்று திருநீற்றுப் புதன், தவக்காலம் ஆரம்பம். இந்த வருஷம் இரண்டு பேரும் சேர்ந்து பட்டினி கிடக்கிறோம்.

கடிதத்தைச் சொன்னபடி பிரிக்காமல் கொடுத்தேன். பிரிட்ஜைத் திறந்தவள் அதை மூடாமலே நின்று படித்தாள். பாதியில் பிரிட்ஜ் சத்தம்போட ஆரம்பித்தது. நான் மூடினேன். முழுவதும் படித்துவிட்டு, முனியம்மா சொன்ன இடத்தை எனக்கு வாசித்துக் காட்டினாள். சிரித்தாள். பிறகு அறைக்குள் போய் மத்தியானம்வரை வெளியே வரவில்லை. சிரித்ததை மட்டும் எழுதினால் அதுவும் ஒரு பொய்யாகிவிடும்.

சாயங்காலம் சாப்பிட வந்தபோது, "லாரி வர்ற சீன்ல நான் முதல்ல எழுதினது வேறம்மா" என்றாள். "எல்லாரும் ஓடுவாங்க. மரகதம் விழுந்துடுவா. யாரும் தூக்கமாட்டாங்க. புரொட்யூசர் வேணாம்னார், நானும் சரின்னுட்டேன்." அப்புறம், "ஆன்ட்டிக்கு எப்படித் தெரிஞ்சது?" என்று கேட்டாள். நான் ரசத்தை அவள் பக்கம் நகர்த்தினேன். செபாஸ்டியன் சொன்னார்: "நான் கடைசில தூங்கினதுக்கும் அதான் காரணம்."

மூன்றாம் தேதி கம்பெனிக்குப் போய்விட்டாள். இரண்டாவது ஷிஃப்ட் கேட்டு வாங்கியிருக்கிறாள், மத்தியானம் இரண்டு மணிக்குத்தான் கிளம்புகிறாள். காலையில் அஞ்சரைக்கு எழுந்து எழுதுகிறாள். என்ன எழுதுகிறாள் என்று கேட்டால், "முடிவுலேர்ந்து ஆரம்பிச்சிருக்கேன்" என்கிறாள். செடிக்குத் தண்ணீர் விடுவது நின்றுவிட்டது.

2024-க்கான பட்டியல் நோட்டில் ஏறிவிட்டது. 'கரும்பலகைக்குப் பின்னால்', 'நாற்பது அடி ரோடு' இரண்டும் இருவருக்கும் பொது. மூன்றாவது 'வெள்ளந்தி வேலாயுதம்' என்று நானே முடிவு செய்தேன். உன்னைக் கேட்கவில்லை. உன்னிடம் பேசுகிற மனநிலையில் நான் இல்லை. என் கையெழுத்து கோணுகிறது என்று சொல்லி ஸ்வீட்லின் நோட்டைப் பிடுங்கி அவளே எழுதினாள். மூன்று பெயர், நல்ல உருண்டைக் கையெழுத்து. எழுதிவிட்டு மையை ஊதினாள்.

உன்மேல் எனக்குக் கோபம். காரணம் யோசித்துப் பார்த்தேன். நீ எழுதியதில் ஒரு வரிகூடத் தப்பில்லை, அதுதான் காரணம். உண்மையை எழுது என்று டிசம்பரில் நான்தான் எழுதினேன். அப்போது உண்மை வேறு மாதிரி இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் படத்தை ஆறு தடவை பார்த்தவள் நான். கடைசி அரைமணி நேரம் எனக்கும் தெரிந்ததுதான். நான் சொல்லவில்லை. நீ சொன்னாய். அவளுக்கு உதவினது நீ. இதை என்னால் உடனே மன்னிக்க முடியாது.

பங்குச் சாமியார் தவக்காலத்துக்கு எதையாவது விடச் சொன்னார். ஒருத்தர் காபியை விடுகிறார், ஒருத்தர் சீரியலை. செபாஸ்டியன் மத்தியானத் தூக்கத்தை விடுகிறாராம், நேற்றே மீறிவிட்டார். நான் உன்னோடு பேசுவதை விடுகிறேன். ஈஸ்டர் ஏப்ரல் இருபதாம் தேதி. மத்தியானம் ஒரு மணிக்குச் சாப்பிட வா. அதற்குள் கோபம் தீர்ந்திருக்கும். தீராவிட்டாலும் சாப்பாடு இருக்கும். அதுவரை போன் செய்யாதே, முட்டி வலித்தாலும். அந்தத் தைலத்தைச் சூடாக்கித் தடவு, பச்சையாகத் தடவாதே.

ரம்ஜான் பிரியாணியை வழக்கம்போல் அனுப்பிவிடு. நான் தொடமாட்டேன், தவக்காலம். ஸ்வீட்லின் சாப்பிடுவாள். அவளுக்கு உன்மேல் கோபம் எதுவும் இல்லை.

ஞானகுமாரி